குட்டியானையில் மண்ணும் கல்லும்: ராமநாதபுரம் கடலோர ஓட்டுநர்களின் அனுபவங்கள்

உச்சிப்புளியிலிருந்து:

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் தோட்ட வேலைக்குச் சாமான் ஏற்றுவதுதான் என் தொழில். வண்டி டாடா ஏஸ், நம்ம ஊரில் எல்லோரும் சொல்லும் குட்டியானை. செம்மண், ஜல்லி, பேவர் கல், கல்கால், தொழுவுரம், தென்னங்கன்று எல்லாம் ஏற்றுவேன். கடலோரத்தில் இருப்பது வெறும் மணல். ஒரு செம்பருத்தி வைக்க வேண்டும் என்றாலும் மண்ணை வெளியிலிருந்து கொண்டு வர வேண்டும். தங்கும் விடுதிகளும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் கட்டும் வீடுகளும் பெருகியதில் இந்த வேலையும் பெருகிவிட்டது. புதிதாக வண்டி எடுத்து இதில் இறங்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். மற்றவர்களும் உங்கள் அனுபவத்தைச் சேருங்கள்.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "தொட்டி பாதிகூட நிறையலையே, இன்னும் பத்துச் சட்டி போடுங்க." அவர்கள் இடத்தைப் பார்க்கிறார்கள். வண்டிக்கு எடைதான் கணக்கு. ஏஸ் தொட்டி ஏறத்தாழ ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம், பக்கத்தடுப்பு ஓர் அடி உயரம். தடுப்பு மட்டத்துக்கு நிரப்பினால் 35 கன அடி வரும். காய்ந்த மணல் ஒரு கன அடி சுமார் 45 கிலோ. ஆக, ஒன்றரை டன்! வண்டி தாங்க வேண்டியது மாடலைப் பொறுத்து 750 கிலோவை ஒட்டித்தான். தொட்டி நிறைந்தது என்றால் வண்டி இரண்டு மடங்கு சுமக்கிறது என்று அர்த்தம். நான் தொட்டியின் உள்பக்கம் அரை அடிக்குக் கொஞ்சம் கீழே பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மணலோ ஜல்லியோ அந்தக் கோட்டைத் தாண்டாது. ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) போட்டிருக்கும் மொத்த எடையில் ஓட்டுநரும் பக்கத்தில் உட்காரும் லோடுமேனும் அடக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யூனிட் கணக்கில் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. "கால் யூனிட்தானே, சின்ன வண்டி போதும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். கால் யூனிட் காய்ந்த மணலே 1,100 கிலோவைத் தாண்டும். எம்-சாண்ட் என்றால் அதற்கும் மேல். அது பொலிரோ பிக்கப்புக்கான லோடு, ஏஸுக்கு இரண்டு நடை.

மண்டபத்தில் ஒரு விடுதி உரிமையாளர் முற்றத்துக்கு 200 சதுர அடி பேவர் கல் கேட்டார். 60 மில்லிமீட்டர் கனம். சதுர அடிக்கு 13 கிலோ வீதம் பார்த்தால் 2,600 கிலோ. நாலு நடை ஆகும் என்றேன். "வாடகைக்காக நாலு நடைங்கிறீங்களா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். வாக்குவாதம் செய்யாமல் அவரையும் வண்டியில் உட்கார வைத்து, முதல் நடையை எடைமேடையில் ஏற்றினேன். தொட்டியில் கல் அடியில் ஒரு வரிசையும் கொஞ்சமும்தான் தெரிகிறது, சீட்டில் எடை முழுசாக வந்து நிற்கிறது. சீட்டை இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் நடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எடைமேடைக்குக் கொடுக்கும் காசு வீண் என்று நினைக்காதீர்கள். வாய்ச்சொல்லில் தீராத சண்டை அந்தச் சீட்டில் தீர்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் கணக்கே மாறிவிடும். திறந்த வெளியில் கொட்டிக் கிடக்கும் மணல் ஒரு ராத்திரி மழை குடித்தால் கன அடிக்குப் பத்து கிலோ வரை கூடும். பார்வைக்கு அதே குவியல்தான். அதனால் மழைக்காலத்தில் கோட்டுக்கு நாலு விரல் கீழேயே நிறுத்திவிடுவேன். ஏற்றியதும் தார்ப்பாய் கட்டுவது சாலையில் மண் பறக்காமல் இருக்க மட்டுமல்ல, வழியில் மழை பிடித்தால் எடை ஏறாமல் இருக்கவும்தான்.

பாம்பன் பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1988-இல் திறந்த சாலைப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், படகுகள் போக நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் இறங்கும். அங்கே எனக்குக் காற்றைவிட பயம், நின்றுகொண்டிருக்கும் கார்கள். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு படம் எடுக்கிற கூட்டம் இன்னும் கூடிவிட்டது. முன்னால் போகிற கார் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். ஒருநாள் இறக்கத்தில் அப்படி ஒரு கார் நின்றது, குழந்தையோடு ஒரு அம்மா சாலைப் பக்கமே கதவைத் திறந்தார். என் வண்டியில் அளவான லோடு, இடைவெளியும் விட்டிருந்தேன், நின்றுவிட்டது. அதே இறக்கத்தில் ஒன்றரை டன்னோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. பிரேக், டயர், கமான் பட்டை (பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடு) எல்லாம் ஆர்.சி.யில் உள்ள எடைக்குச் செய்தவை. கமான் பட்டை ஒன்று கூட்டிப் போட்டால் வண்டி உட்காராமல் இருக்கும், ஆனால் பிரேக்குக்கு அதனால் பலம் கூடாது. இதை மெக்கானிக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கீழக்கரையிலிருந்து:

உச்சிப்புளி அண்ணன் சொன்ன கணக்கு அத்தனையும் சரி. நான் ஓட்டுவது அசோக் லேலண்ட் தோஸ்த், 1,250 கிலோ தாங்கும். ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு வேலிக் கல்கால் கொண்டுபோவேன். ஏழடி நீளம், ஆறுக்கு நாலு அங்குலக் கருங்கல் கால் ஒன்று 85 கிலோவுக்கு மேல். பன்னிரண்டு போட்டாலே ஒரு டன் தாண்டிவிடும். தொட்டியில் பார்த்தால் தரை மறைந்ததோடு சரி.

கல்லில் எடையைவிட எங்கே படுக்க வைக்கிறோம் என்பது முக்கியம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், பல வருஷம் கல் ஏற்றிய கை. "காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), இப்படிப் போட்டா போதுமா?" என்று நான் கேட்டதற்கு, கல்லை எல்லாம் முன்னால் தள்ளச் சொன்னார். பின் சக்கரத்துக்குப் பின்னால் பாரம் சேர்ந்தால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிடும், திருப்பினால் சொன்ன பேச்சு கேட்காது. முன்னால் தள்ளினால் வேறு ஆபத்து உண்டு. சட்டென்று பிரேக் அடித்தால் கல் சறுக்கி கேபின் முதுகில் இடிக்கும். அதற்காகக் கேபினுக்கும் கல்லுக்கும் நடுவே பழைய டயரையும் பலகையையும் நெருக்கி வைத்து, கல்லின் அடியில் சாக்கு விரித்து, குறுக்கே இரண்டு இடத்தில் கயிறு போட வைத்தார். அன்றிலிருந்து நானும் அப்படித்தான். பெரியவர் இப்போது வேலைக்கு வருவதில்லை. அவருடைய மேற்பார்வையில் ஏற்றிய கல் ஒன்றுகூட வழியில் நகர்ந்ததில்லை.

அப்புறம் மணல் பாதை. சேதுக்கரைப் பக்கம் ஒரு தோப்புக்குள் போகும்போது வேறொரு பிக்கப் புதைந்து நின்றது. ஓட்டுநர் சின்னப் பையன், பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தான், சக்கரம் இறங்கிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் போனால் ஹவுசிங் (பின் அச்சின் கூடு) மணலில் உட்கார்ந்துவிடும். "தம்பி, முதலில் இன்ஜினை நிறுத்து" என்று சொல்லி, மூன்று பேர் சேர்ந்து பாதி லோடை இறக்கினோம். பின் டயரில் காற்றைக் குறைத்தோம். சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாக வழித்து, பனைமட்டையை நீளவாக்கில் செருகி, இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்ததும் ஏறிவிட்டது. ஒன்றை மறக்கக் கூடாது: காற்றைக் குறைத்த டயரோடு லோடை ஏற்றித் தார்ச்சாலையில் ஓட்டினால் சூட்டில் வெடித்துவிடும். கையில் ஒரு காற்று பம்பு இல்லாமல் நான் மணல் பாதைக்குள் போவதே இல்லை.

மண்டபத்திலிருந்து:

நர்சரியும் தோட்ட அமைப்பும் செய்கிறேன். வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீன் தொட்டி ஓரத்துக்கும் பாதை விளிம்புக்கும் பவளக்கல் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். தனுஷ்கோடி இடிபாடுகளிலும் பழைய வீட்டுச் சுவர்களிலும் பார்த்திருப்பார்கள், வெள்ளையாக, துளைத்துளையாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. கரையில் ஒதுங்கியது என்று சொல்லிக் கொடுத்தாலும் ஏற்றாதீர்கள். பிடிபட்டால் வழக்கு, வண்டியும் போகும். சட்டத்தை விடுங்கள், நம் கரையில் மோதும் அலையின் வேகத்தைக் குறைப்பதே அந்தப் பவளத் திட்டுகள்தான். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் அதை நம்பித்தான் நிற்கின்றன. ஒரு வீட்டு முற்றத்துக்காக அதைப் பெயர்ப்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம். வெள்ளை வேண்டும் என்பவர்களுக்கு நான் வெங்கச்சங்கல் (வெள்ளைப் படிகக் கல்) போட்டுக் கொடுக்கிறேன், செடிப் பச்சைக்கு நடுவில் எடுப்பாகத் தெரிகிறது.

கடற்கரை மணலும் வேண்டாம். அள்ளுவதே தப்பு, அதோடு அதிலுள்ள உப்பு செடியை வாட்டிவிடும்.

ராமேஸ்வரத்திலிருந்து:

உப்பைச் சொன்னதால் ஒன்று. லோடு இல்லாமலே நம் பக்கத்து வண்டிகள் துருப்பிடிக்கும். தனுஷ்கோடி சாலையில் கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் மணல் சாலைமேலேயே ஏறிவரும், உப்புச் சாரலும் சேரும். ஈர மண் ஏற்றினால் தண்ணீர் தொட்டி இடுக்கு வழியாகச் சட்டகத்தில் ஒழுகிக்கொண்டே இருக்கும். நான் மாதம் ஒருமுறை அடியில் படுத்து பிரேக் குழாயைக் கையால் தடவிப் பார்ப்பேன். சொரசொரப்பாக இருந்தால் மாற்றிவிடுவேன். கனத்த லோடோடு பெடலை அழுத்தி மிதிக்கிற நேரத்தில்தான் துருப்பிடித்த குழாய் வெடிக்கும். கழுவும்போது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இங்கே பல போர் தண்ணீரே உவர், அதில் கழுவினால் உப்பை நாமே பூசிய கதைதான்.

தொண்டியிலிருந்து:

போன வாரம்தான் வண்டி எடுத்தேன் அண்ணே. கூடுதல் லோடுக்கு அபராதம் எவ்வளவு? நடைக்கு எப்படி வாடகை பேசுவது?

உச்சிப்புளியிலிருந்து:

தம்பி, 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. அதோடு கூடுதல் லோடை அங்கேயே இறக்க வைப்பார்கள். மண்ணும் ஜல்லியும் ஏற்றும்போது நடைச்சீட்டை (எடுத்துப் போவதற்கான அனுமதிச் சீட்டை) வாங்காமல் கிளம்பாதே, சீட்டில் இருக்கிற அளவும் தொட்டியில் இருக்கிற அளவும் ஒன்றாக இருக்கட்டும்.

வாடகையை மொத்தமாகப் பேசாதே. மொத்தமாகப் பேசினால் ஒரே நடையில் முடிக்கத்தான் உனக்கே தோன்றும். நடைக்கு இவ்வளவு, ஏற்றுகூலி இறக்குகூலி தனி என்று பேசு. சாமானின் எடையைப் போனிலேயே கணக்குப் போட்டு எத்தனை நடை என்று முன்கூட்டியே சொல்லிவிடு. இரண்டு டன்னுக்கு மேல் கேட்டால் ஒரு டிப்பர்காரர் எண்ணைக் கொடுத்து அவருக்கே அனுப்பிவிடு. அவரும் டிப்பர் நுழையாத சந்து வேலைகளை உனக்குத் தருவார். எனக்குப் பாதி வேலை அப்படித்தான் வருகிறது.