வலை பேட்ச் ஆன்டெனா 2.45 கிகாஹெர்ட்ஸுக்குப் பதில் 2.16-இல் நிற்கிறது, அவசர உதவி

மின்மினி_12: வயர்லெஸ் சென்சார் பெட்டியின் மூடியிலேயே ஒட்டுவதற்காக, ஒளி ஊடுருவும்படி செம்புத் தகட்டுக்குப் பதில் செம்பு இழை வலையால் பேட்ச் ஆன்டெனா (தட்டையான ஆன்டெனா) ஒன்று செய்தேன். சிமுலேஷனில் 2.45 கிகாஹெர்ட்ஸில் எஸ்11 (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தி, குறைந்தால் நல்லது) மைனஸ் 24 டிபி. செய்து அளந்தால் பள்ளம் 2.16-இல் விழுகிறது, அதுவும் மைனஸ் 5 தான். இரண்டு துண்டு செய்தேன், இரண்டும் அப்படியே. எங்கே தப்பு? நாளை மறுநாள் காட்ட வேண்டும்.

செம்புக்கம்பி: எதன் மேல் செய்தீர்கள்? தடிமன் என்ன? கோட்டின் அகலம், இடைவெளி? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

தூறல்: கண்ணாடிதான் காரணம். சாதாரண சன்னல் கண்ணாடியின் பெர்மிட்டிவிட்டி (கூடினால் அதிர்வெண் இறங்கும்) 6-க்கு மேல், இழப்பும் அதிகம். நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

செம்புக்கம்பி: கண்ணாடி என்று அவர் சொல்லவே இல்லையே?

பழைய_அலை: தம்பி, முதலில் விஎன்ஏவை, அதாவது எஸ்11 அளக்கும் கருவியை, கேபிள் நுனியில் வைத்து கேலிப்ரேட் (அளவு திருத்தம்) செய்தீர்களா? இங்கே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதுதான். அடிப்படையைப் படித்துவிட்டு ஆன்டெனாவில் இறங்கலாம்.

நூல்கண்டு: ஐயா, கேலிப்ரேஷன் தப்பினால் ஃபேஸ் புரளும், பள்ளத்தின் ஆழம் கெடும். 290 மெகாஹெர்ட்ஸ் நகராது.

மின்மினி_12: மன்னிக்கவும், அக்ரிலிக், 2 மி.மீ., பெர்மிட்டிவிட்டி 2.6. பேட்ச் நீளம் 37 மி.மீ. கோடு 0.1 மி.மீ., ஒரு கோட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை இடைவெளி 1 மி.மீ., ஒளி ஊடுருவல் 81%. கேலிப்ரேஷன் செய்தேன்.

நூல்கண்டு: 37 என்பது முழுத் தகட்டுக்கான நீளம். சிமுலேஷனில் வலையைப் போட்டீர்களா, முழுத் தகட்டை ஓட்டிவிட்டு கெர்பரில் (செய்யக் கொடுக்கும் வரைபடக் கோப்பு) மட்டும் வலையாக மாற்றினீர்களா? வலையில் மின்னோட்டம் பரவ இடமில்லாமல் இழைகளுக்குள் நெருக்கியடித்து ஓடும். இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) கூடும், அதிர்வெண் இறங்கும். உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டால், பேட்ச் மட்டும் வலை என்றால் சுமார் 7% இறங்கி 2.29 பக்கம் வர வேண்டும். நீங்கள் 12% இறங்கியிருக்கிறீர்கள். பேட்சுக்கு அடியில் இருக்கும் கிரவுண்டும் வலைதானே?

தூறல்: ஐடிஓ (மின்சாரம் கடத்தும் ஒளி ஊடுருவும் பூச்சு) பூசிய ஃபிலிம் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. கோடும் கண்ணில் படாது.

செம்புக்கம்பி: ஐடிஓவின் மேற்பரப்புத் தடை 10 ஓம் பர் ஸ்கொயர். 2.45-இல் செம்பின் மேற்பரப்புத் தடை 0.013 ஓம் அளவு. பத்தில் ஒரு பங்குதான் உலோகம் என்று வைத்தாலும் வலைக்கு 0.13 தான் வருகிறது. உங்கள் ஐடிஓ பேட்ச் அனுப்பும் சக்தியில் பெரும்பகுதியைச் சூடாக்கித் தீர்த்துவிடும்.

தூறல்: 0.1 மி.மீ. கோடு பக்கத்தில் நின்று பார்த்தால் பளிச்சென்று தெரியும். 81% என்று எழுதிவிட்டால் கண்ணாடியாகிவிடுமா?

நூல்கண்டு: அது நியாயம்தான். 0.01 கோடு, 0.1 இடைவெளி என்று போனாலும் அதே 81%, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. இண்டக்டன்ஸ் இடைவெளியோடு சேர்ந்து குறைவதால் அதிர்வெண்ணும் முழுத் தகட்டை ஒட்டியே நிற்கும். செய்வதுதான் கஷ்டம்.

பழைய_அலை: 0.01 எல்லாம் வீட்டில் அரிக்க முடியாது. சும்மா ஆசை காட்ட வேண்டாம்.

தூறல்: அதனால்தான் ஐடிஓ என்றேன்.

செம்புக்கம்பி: மறுபடியும் அங்கேயா! மின்மினி, கிரவுண்டைப் பற்றிச் சொல்லுங்கள். ஃபீட் (சிக்னல் கொண்டு வரும் கோடு) பேட்சில் சேரும் இடத்தை லென்ஸ் வைத்தும் பாருங்கள். ஸ்மித் சார்ட்டில் (விஎன்ஏ காட்டும் இம்பீடன்ஸ் வட்டப் படம்) புள்ளி 50 ஓமுக்கு எந்தப் பக்கம்?

மின்மினி_12: கிரவுண்டும் வலைதான், சொல்ல மறந்தேன். சிமுலேஷன் முழுத் தகட்டுக்குத்தான். லென்ஸில் பார்த்தால் ஃபீட் கோடு ஒரே ஒரு இழையைத்தான் தொடுகிறது. ஐயோ. இடப்பக்கம், 50-க்குக் கீழே.

நூல்கண்டு: அப்படியானால் இன்செட்டை (ஃபீட் பேட்சுக்குள் நுழையும் ஆழம்) குறைத்து ஃபீட்டை விளிம்புப் பக்கம் நகர்த்துங்கள். சேரும் இடத்தைச் சுற்றி முழுச் செம்பாக விடுங்கள். வலைக் கிரவுண்டுக்கு மேல் உங்கள் 50 ஓம் கோடும் 50 ஆக இருக்காது. அதற்கு அடியில் மட்டும் கிரவுண்டை முழுசாக விடலாம். நீளத்தை 32-க்குக் குறைத்து, இந்தத் தடவை வலையாகவே சிமுலேட் செய்யுங்கள்.

மின்மினி_12: 32 போட்டேன். 2.47, மைனஸ் 17. நன்றி எல்லோருக்கும், ஓடுகிறேன்.

செம்புக்கம்பி: பின்பக்கம் அலை எவ்வளவு கசிகிறது, அளந்தீர்களா? வலைக் கிரவுண்டுக்கு அதுதானே பயம்.

தூறல்: போய்விட்டார்.