வெளிநாட்டுக்குப் பார்சல்: தபாலா, கூரியரா? வாங்குபவர் பக்கம் நின்று பாருங்கள்

எது வேகம், எது மலிவு என்றுதான் பெரும்பாலும் எல்லோரும் கேட்கிறீர்கள். நான் புத்தகங்களும் கைத்தையல் துணிகளும் பல நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருப்பவள், இரண்டு வழியிலும் நிறைய அனுப்பியாகிவிட்டது. என்னைக் கேட்டால், பார்சல் அங்கே போய் இறங்கியதும் வாங்குபவரிடம் யார் பேசப்போகிறார்கள், அவரிடம் என்ன கேட்கப்போகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கட்டணக் கணக்கு அப்புறம்தான்.

ஒரு வாடிக்கையாளர் அவசரமாக வேண்டும் என்று சொன்னதால் கூரியரில் ஒரு துணிப் பார்சல் அனுப்பினேன். விமானம் ஏறியது, இறங்கியது, சுங்கத்துக்குப் போனது என்று ஒவ்வொன்றும் உடனுக்குடன் தெரிந்தது, நிம்மதியாக இருந்தது. அப்புறம் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி போயிருக்கிறது. இறக்குமதி வரி இவ்வளவு, அதை உங்கள் சார்பில் நாங்கள் முன்பணமாகக் கட்டியதற்கு எங்கள் கட்டணம் இவ்வளவு, இந்த இணைப்பில் செலுத்துங்கள் என்று. வரியை விட அந்தக் கட்டணம் பெரிது. இந்த மாதிரி போலிக் குறுஞ்செய்திகள் எங்கும் சுற்றுவதால் அவர் அதை மோசடி என்று நினைத்துத் தொடவே இல்லை, பார்சல் கிடங்கில் கிடந்தது. கடைசியில் நான் கூரியர்காரர்களிடம் பேசி, அது உண்மையான செய்திதான் என்று உறுதி செய்து அவருக்குச் சொன்ன பிறகுதான் பொருள் கைக்குப் போனது. அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் ஆசையாகக் காத்திருந்த பொருள் இப்படி ஒரு சந்தேகத்தோடு போய்ச் சேர்ந்தது எனக்கு மிகவும் வருத்தம்.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, கூரியர் வேலை செய்யும் முறையே அதுதான். பெரிய கூரியர் நிறுவனங்கள் சுங்க முகவர் வேலையையும் தாங்களே செய்கின்றன. வரியை முன்கூட்டிக் கட்டிப் பொருளை வெளியே எடுத்துவிட்டு, அதற்கான கட்டணத்தோடு சேர்த்து வாங்குபவரிடம் வசூலிக்கின்றன. அதனால்தான் வேகம். புக் செய்யும்போதே வரி முழுவதும் அனுப்புபவர் பொறுப்பு என்று போட்டுவிடலாம், டிடிபி என்று சொல்வார்கள். இப்போதெல்லாம் பரிசாக அனுப்பும்போது அந்த வழி உண்டா என்று கேட்ட பிறகுதான் மற்றதைப் பேசுகிறேன். பரிசு வாங்குபவர் பணம் கட்டி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தபாலில் வரியே இல்லை என்று சிலர் சொல்வது சரியல்ல. அங்கும் சுங்கம் பார்க்கிறது, அங்கும் வரி விழலாம், அந்த நாட்டுத் தபால் துறை தன் கையாளும் கட்டணத்தையும் சேர்த்து வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான பொருளுக்கு இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் நான் பார்த்தவரை தபாலில் கேட்கும் தொகை பெரும்பாலும் கூரியர் கேட்பதை விடக் குறைவாகவே இருந்திருக்கிறது, வாங்குபவரும் தனக்குப் பழக்கமான தபால் நிலையத்தில் போய்க் கட்டி எடுத்துக்கொள்கிறார்.

தபாலைப் பற்றி ஒன்று புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். அது ஒரே நிறுவனம் அல்ல. நம் நாட்டுத் தபால் துறை விமானத்தில் ஏற்றி அனுப்புகிறது, அங்கே வேறொரு தபால் துறை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. 1874-இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தில் இன்று 192 நாடுகள் இருக்கின்றன, அவற்றுக்குள் உள்ள உடன்பாட்டில்தான் இது நடக்கிறது. இந்தக் கைமாற்றத்தின் நடுவில்தான் ட்ராக்கிங் ஊமையாகிவிடும். நாட்டை விட்டுக் கிளம்பியது என்று காட்டிவிட்டு வாரக்கணக்கில் ஒன்றுமே வராது. என் புத்தகப் பார்சல் ஒன்று அப்படி நின்றபோது, அதே எண்ணைப் போய்ச்சேரும் நாட்டுத் தபால் துறையின் தளத்தில் போட்டுப் பார்த்தேன், சுங்கத்தில் இருப்பதாக அங்கே தெளிவாக இருந்தது. இங்கே அந்தத் தகவல் வரவே இல்லை.

தபால் ட்ராக்கிங் எண்ணில் இருக்கும் 13 குறிகளைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசி இரண்டு எழுத்து அனுப்பிய நாடு. ஆர் என்று தொடங்கினால் பதிவுத் தபால், இ என்றால் இஎம்எஸ் என்னும் விரைவுத் தபால், சி என்றால் பார்சல். யு என்று தொடங்கினால் வழியில் பதிவாகும் என்று நம்பியிருக்க வேண்டாம். பொருள் வராவிட்டால் அங்கே இருப்பவரை அலைய விடாதீர்கள், அனுப்பிய நாட்டில் அனுப்பியவர்தான் விசாரணை கேட்டு எழுத வேண்டும், பொதுவாக ஆறு மாதத்துக்குள். ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கும் ஆளைக் கவிழ்க்கும். கூரியரில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து, வருவதையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குத்தான் காசு. 50, 40, 30 அளவுள்ள பெட்டி என்றால் 12 கிலோ! உள்ளே 3 கிலோ மெத்தைவிரிப்புதான் இருக்கும். அந்த மாதிரிப் பொருளுக்கு, தராசு எடையை மட்டும் பார்க்கும் தபால் சேவை கிடைத்தால் நான் வேறு எதையும் யோசிப்பதில்லை. புத்தகம் நேர் எதிர், சின்னப் பெட்டியில் கனம், அங்கே இரண்டையும் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ், கையெழுத்துப் போட்ட பத்திரம் என்றால் கூரியர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே நிறுவனம் தொடக்கத்திலிருந்து கடைசி வரை கையில் வைத்திருக்கிறது, காகிதத்துக்குப் பெரும்பாலும் வரித் தொல்லையும் கிடையாது. ஆனால் முகவரி வெறும் தபால் பெட்டி எண்ணாக இருந்தால் கூரியர் பொதுவாக எடுக்க மாட்டார்கள், தெரு முகவரி கேட்டு வாங்குங்கள்.

2025 ஆகஸ்டையும் மறக்க முடியாது. அமெரிக்கா 800 டாலர் வரை இருந்த வரி விலக்கை ஆகஸ்ட் 29-இல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. வரியை முன்னதாகவே வசூலித்துக் கட்டும் ஏற்பாடு தபால் துறைகளிடம் தயாராக இல்லை, பல நாடுகள் அங்கே பொருள் பார்சல் எடுப்பதையே நிறுத்திவைத்தன. கடிதங்களும் ஆவணங்களும் போய்க்கொண்டிருந்தன. சுங்க ஆட்களைக் கையில் வைத்திருந்த கூரியர்கள் தொடர்ந்து எடுத்தார்கள். என் பொருளுக்காக அங்கே காத்திருந்தவர்களிடம் செலவை முன்பே சொல்லி, ஒத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் கூரியரில் அனுப்பினேன். மலிவு வழி எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பி யாருக்கும் தேதி சொல்லக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

*

அக்கா, நீங்கள் எழுதியதில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அண்ணன் மகனுக்கு ஒரு ரிமோட் கார் அனுப்பத் தபால் நிலையம் போயிருந்தேன். பெட்டியில் கூடவே ஒரு உதிரி லித்தியம் பேட்டரி இருந்தது. கவுண்டரில் இருந்த அம்மா உள்ளே என்ன என்று பொறுமையாகக் கேட்டு, அதை வெளியே எடுக்கச் சொன்னார். கருவிக்குள்ளேயே பொருத்தியிருந்தால் சில நாடுகளுக்கு எடுப்பார்களாம், தனி பேட்டரியும் பவர் பேங்கும் தபாலில் போகவே போகாது. தீப்பிடித்தால் விமானத்தில் என்ன ஆகும் என்று அவர் சொன்னபோது எனக்குப் பகீர் என்றது. வாசனைத் திரவியத்துக்கும் இதே கதைதான். கூரியரில் விசாரித்தேன், அங்கும் முன்அனுமதி, தனி லேபிள் என்று நீண்டது. பேட்டரியை அவனை அங்கேயே வாங்கச் சொல்லிவிட்டு காரை மட்டும் தபாலில் அனுப்பினேன்.

ஒரு சந்தேகம். சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்று டிக் போட்டு மதிப்பைக் குறைத்து எழுதினால் வரி வராது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார், உண்மையா?

*

தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். பரிசு என்று எழுதினாலே விலக்கு என்று கிடையாது, அந்தந்த நாட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பும் பரிசுக்கு 45 யூரோ. விலையைக் குறைத்து எழுதினால் சுங்கம் நிறுத்தி வைக்கும்போது பதில் சொல்லப்போவது உங்கள் அண்ணன் வீட்டார்தான். பொருள் தொலைந்தாலும் எழுதிய மதிப்புக்கு மேல் ஒரு காசு கேட்க முடியாது. உண்மை மதிப்பை எழுதினாலும் முழுப் பணமும் வரும் என்று நம்ப வேண்டாம், இழப்பீட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. விலையுயர்ந்த பொருளுக்குத் தனியாகக் காப்பீடு எடுங்கள்.

படிவத்தில் ‘துணி’, ‘பொம்மை’ என்று மொட்டையாக எழுதுவதும் தாமதத்துக்கு வழி. ‘பெண்கள் மேலாடை, பருத்தி, 2’ என்று எழுதுங்கள், தெரிந்தால் பொருள் எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் ஆறு இலக்க எச்எஸ் எண்ணும் போடுங்கள். இந்த விவரமெல்லாம் இப்போது பார்சல் கிளம்பும் முன்பே மின்னணு முறையில் அந்த நாட்டுக்குப் போகிறது. வாங்குபவரின் கைபேசி எண்ணை விடாமல் எழுதுங்கள், பார்சல் வருகிறது, பணம் கேட்டால் என்னைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள் என்று அவரிடமும் முன்பே சொல்லிவையுங்கள். தபால் பார்சல் படிவத்தில், கொடுக்க முடியாவிட்டால் திருப்பி அனுப்பவா, கைவிடவா என்று ஒரு கட்டம் இருந்தால் அதை வெறுமையாக விடாதீர்கள். கூரியர் என்றால் திருப்பி வந்தால் யார் செலவு என்று புக் செய்யும் முன் கேளுங்கள், சில நேரம் அது போன செலவையே தாண்டிவிடும்.