இடிமழை நாளும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களும்

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் டாலஸ் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் நம்ம தம்பி ஒருவர் குழுவில் கேட்டிருந்தார்: "நாளைக்குப் பலத்த இடிமழை, சூறைக்காற்று என்று போன் சொல்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஆபீஸ் போய்விடுவோம். அப்பா, அம்மா வீட்டில் தனியாக இருப்பார்கள். என்ன செய்வது?" இது பலருக்கும் பயன்படும் என்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன். நம் சொந்த ஊரான பேராவூரணிப் பக்கம் வெயில் கொளுத்தும் ஏப்ரல், மே, ஜூனில்தான் நாம் பெரியவர்களை இங்கே கூட்டிவருகிறோம். டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சஸ் பக்கம் இடிமழை உச்சத்தில் இருப்பதும் அதே மாதங்களில்தான். அயோவா, இல்லினாய் பக்கம் இருப்பவர்களுக்கு ஆகஸ்ட் வரைக்கும் இழுக்கும்.

காற்று என்ன செய்யும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னந்தோப்புகளை என்ன பாடுபடுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கஜாவுக்கு நாலைந்து நாள் முன்பே பெயர் வைத்தாகிவிட்டது, அது எந்தக் கரைக்கு வருகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இங்கே பகலெல்லாம் வெயிலும் புழுக்கமுமாக இருக்கும், சாயங்காலம் மேற்கே கறுக்கும், அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். 2024 மே 16 அன்று ஹூஸ்டனில் அப்படித்தான் ஆனது. மணிக்கு 100 மைல் வரை காற்று அடித்தது. நகர மையத்து உயரக் கட்டடங்களில் கண்ணாடிகள் பெயர்ந்து விழுந்தன, ஹூஸ்டனை ஒட்டிய சைப்ரஸ் பக்கம் பெரிய மின்கோபுரங்களே மடங்கின, பத்து லட்சத்தை நெருங்கும் வீடுகளிலும் கடைகளிலும் கரண்ட் போனது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவின் சீடர் ராப்பிட்ஸ் பக்கம் அடித்த காற்று 140 மைல் வரை இருக்கும் என்று சேதத்தைப் பார்த்துக் கணக்கிட்டார்கள். இரண்டுமே டொர்னேடோ, அதாவது சுழன்று அடிக்கும் காற்று, கணக்கில் வராதவை. டெரேச்சோ என்கிறார்கள், நேராக அடித்துக்கொண்டு போகிற காற்று. "டொர்னேடோ இல்லையே, வெறும் இடிமழைதானே" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மேகத்துக்குள் மழையால் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கி, தரையில் மோதி, மழைக்கு முன்னாலேயே பாய்ந்து வரும். அதனால் "தூறல் விழட்டும், உள்ளே போகலாம்" என்று காத்திருந்தால் நேரம் தப்பிவிடும்.

முன்னறிவிப்பைப் பொறுத்தவரை, ஓக்லஹோமாவின் நார்மன் நகரத்தில் இருக்கும் புயல் கணிப்பு மையம் தினமும் வரைபடம் போடுகிறது. ஆபத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை பிரித்திருப்பார்கள், ஐந்துதான் உச்சம். நாம் இருக்கும் ஊர் மூன்றையோ அதற்கு மேலோ தொட்டுவிட்டாலே வீட்டில் யாராவது ஒருவர் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. "வாட்ச்" வந்தால் அடுத்த சில மணி நேரத்தில் வரக்கூடும், போனைக் கையிலேயே வைத்திருங்கள். "வார்னிங்" வந்தால் பேச்சே கிடையாது, உள்ளே போக வேண்டியதுதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 58 மைல் காற்று அல்லது ஒரு அங்குல ஆலங்கட்டி என்றாலே இடிமழை வார்னிங் கொடுத்துவிடுவார்கள். ஆனால் எல்லா போனும் சேர்ந்து அலறுமே, அந்த அவசரச் செய்தி, 2021 ஆகஸ்டிலிருந்து 80 மைல் காற்று அல்லது பேஸ்பால் அளவு ஆலங்கட்டி என்றால்தான் இடிமழைக்கு வரும். 70 மைல் காற்று மரத்தைச் சாய்க்கப் போதும், ஆனால் அதற்கு போன் அலறாது. அப்படியே அலறினாலும் ஆங்கிலத்திலோ ஸ்பானிஷிலோதான் இருக்கும். வைஃபையில் மட்டும் ஓடும் ஊர் போனில் அது வரும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். வானிலை ரேடியோ ஒன்று வாங்கிவைத்தால் நல்லது, பேட்டரியில் ஓடும். ஆனால் அம்மாவுக்கு அது சொல்வது புரியாது. ஆக, தமிழில் எச்சரிக்கை கொடுக்க வேண்டியது நாம்தான். நாம் போன் பண்ணி "உள்ளே போங்க" என்றால், ஏன் எதற்கு என்று கேட்காமல் போய்விட வேண்டும் என்று முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எந்த "உள்ளே" என்பதைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். டெக்சாஸில் பெரும்பாலான வீடுகளில் பேஸ்மென்ட் (தரைக்குக் கீழே இருக்கும் அறை) கிடையாது. கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாமல், வீட்டின் நடுவே இருக்கிற இடம்: மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை, அல்லது உள்பக்கத்து பாத்ரூம். அங்கே சாமான் அடைத்திருந்தால் எடுத்துவிட்டு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள், முழங்கால் வலிக்காரர்கள் தரையில் உட்கார்ந்து எழ முடியாது. தண்ணீர், டார்ச், பவர் பேங்க், மூக்குக் கண்ணாடி, பிரஷர், சுகர் மாத்திரைகள், பாஸ்போர்ட், மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கூடவே காலை மூடும் ஷூ. கண்ணாடி உடைந்து கிடக்கும் தரையில் ஹவாய் செருப்பு போதாது.

நம் பெரியவர்களின் பழக்கம் நமக்குத் தெரியும். வானம் கறுத்தால் அப்பா வாசலுக்கு வந்து நின்று பார்ப்பார். இங்கே அதற்குத் தோதாகப் பின்பக்கம் ஆளுயரக் கண்ணாடிக் கதவு வேறு இருக்கிறது. போன வருஷம் எங்கள் வீட்டில் அத்தை பின்னால் மேசைமேல் மோர் மிளகாய் காயப்போட்டிருந்தார். இடி கேட்டதும் தட்டை எடுக்க வெளியே ஓடினார், முந்தானை காற்றில் பறந்து முகத்தை மூடிவிட்டது, பக்கத்திலிருந்த பெரிய குடை அடியோடு சாய்ந்து விழுந்தது. நல்லவேளை அவர்மேல் படவில்லை. அதனால் சொல்கிறேன்: முதல் நாள் சாயங்காலமே வெளியில் இருக்கும் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். குடை, நாற்காலி, காயும் துணி, குளிர் போனதென்று அப்போதுதான் வெளியே வைத்த கறிவேப்பிலைத் தொட்டி, எல்லாமே. எடுப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் அவர்கள் வெளியே போக மாட்டார்கள்.

இடி கேட்டால் குளிக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம். மின்னல் குழாய் வழியாகவும் வரும். பிளக்கைப் பிடுங்குவதானால் இடி வருவதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். கரண்ட் போனால் கராஜ் கதவைக் கையால் திறக்க மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை எப்படி இழுப்பது என்று ஒருமுறை காட்டிவையுங்கள். காற்று அடிக்கும்போது மட்டும் அந்தக் கதவு மூடியே இருக்கட்டும், அது பெயர்ந்தால் அடுத்து கூரைக்குத்தான் ஆபத்து.

காற்று ஓய்ந்த பிறகு அப்பா கட்டாயம் வெளியே போய்ப் பார்ப்பார். கம்பி அறுந்து கிடந்தால், ஊரில் செய்வதுபோல் காய்ந்த கம்பால் ஒதுக்கிவிடப் போகாமல் தடுங்கள். கிட்டேயே போகக் கூடாது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வெளியே வைத்து ஓட்டுங்கள். கராஜுக்குள் வைத்தால், கதவு திறந்திருந்தாலும், அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும். ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்திருக்கும் ஃப்ரீசர் இரண்டு நாள்.

மறுநாள் கூரைக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள். "டிடக்டிபிளை (காப்பீட்டில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) நீங்கள் கட்ட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால், டெக்சாஸில் 2019 முதல் அது சட்டப்படி குற்றம்.

அப்புறம் சங்கு, அதாவது ஆபத்து வரும்போது நகரத்தில் ஊதும் சைரன். டாலஸ் பக்கம் பல நகரங்களில் மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் சோதனைக்காக ஊதுவார்கள். அன்றைக்கு அம்மாவை வாசலுக்குக் கூட்டிவந்து, "இந்தச் சத்தம் வேறு எந்த நாளில் கேட்டாலும் படிக்குக் கீழே போய்விடுங்கள்" என்று காட்டிவிடலாம். ஆனால் அது வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது, வீட்டுக்குள் ஏசி ஓடினால் கேட்காமலும் போகலாம். மற்ற ஊர்களில் எந்த நாள் ஊதுகிறார்கள் என்று அங்கங்கே இருப்பவர்கள் எழுதுங்கள். யார் வீட்டில் பெரியவர்கள் பகலில் தனியாக இருக்கிறார்கள் என்பதையும் எனக்குத் தனி மடலில் சொன்னால், பக்கத்தில் இருக்கும் நம் ஆட்களை அவர்களுக்கு அறிமுகப்படுத்தி வைக்கிறேன்.

அன்புடன்,
டாலஸ் கிளையிலிருந்து