கலைச்சொல்: ‘ரெசிஸ்டன்ஸ் டு சேஞ்ச்’ என்பதை ‘மாற்ற எதிர்ப்பு’ என்றே எழுதிவிடலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘சேஞ்ச் மேனேஜ்மெண்ட்’ (ஒரு நிறுவனத்தில் மாற்றத்தைத் திட்டமிட்டு நடத்திச் செல்வது) துறைச் சொற்களைத் தமிழாக்கும் இழை நாலாபக்கமும் கிளைத்துவிட்டதால் எனக்குப் பட்டதை ஒரே மடலில் எழுதிவிடுகிறேன்.

தலைச்சொல்லில் எனக்குச் சண்டை இல்லை. ‘மாற்ற மேலாண்மை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, இருக்கட்டும். ‘மாறுதல் மேலாண்மை’ மட்டும் வேண்டாம். அலுவலகத் தமிழில் மாறுதல் என்றாலே இடமாற்ற ஆணைதான், படிப்பவர் “எந்த ஊருக்கு?” என்று கேட்பார். ‘மாற்று மேலாண்மை’ இன்னும் மோசம், வேறொரு வகை மேலாண்மை என்று பொருள் வந்துவிடும். இலங்கை நண்பர்களின் ‘மாற்ற முகாமைத்துவம்’ இணைச்சொல்லாக நிற்கட்டும். மென்பொருள் துறையினர் கேட்டது வேறு சங்கதி: ஓடிக்கொண்டிருக்கும் கணினி அமைப்பில் எதைத் தொடுவதானாலும் முன் அனுமதி வாங்கிப் பதிவு செய்கிற ஒழுங்கு அது. அதற்கு ‘மாற்றக் கட்டுப்பாடு’ போதும்.

என்னை உறுத்துவது அடுத்த சொல். ‘ரெசிஸ்டன்ஸ் டு சேஞ்ச்’. இதற்கு ஒரு நண்பர் எழுதியிருந்தது:

> ‘மாற்ற எதிர்ப்பு’ படித்தவுடன் புரிகிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. எதிர்ப்பு என்று சொன்ன மாத்திரத்தில் மனம் ஓர் ஆளைத் தேடத் தொடங்கிவிடுகிறது. யார் எதிர்க்கிறார்கள், எந்தப் பிரிவு, எத்தனை பேர்? அப்புறம் அந்த ஆளைச் சரிக்கட்டுவதே வேலையாகிவிடும். இந்தக் கருத்தைத் துறைக்குள் கொண்டுவந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை.

உளவியலாளர் குர்ட் லெவின் 1947-இல் எழுதியதைப் பாருங்கள். ஒரு குழுவின் வேலை ஏதோ ஓர் அளவில் நிலைத்து நிற்கிறதென்றால், இரு பக்கமும் செயல்படும் விசைகள் அங்கே சமமாகிவிட்டன என்று பொருள். முன்னே தள்ளும் விசையைக் கூட்டினாலும் குழு நகரும், பிடித்து நிறுத்தும் விசையைக் குறைத்தாலும் நகரும். முதல் வழியில் குழுவுக்குள் இறுக்கம் ஏறும், இரண்டாவதில் இறங்கும். இதில் ‘எதிர்ப்பாளர்’ என்று யாருமே இல்லை. பிடித்து நிறுத்துவது கூலி முறையாக இருக்கலாம், கைப்பழக்கமாக இருக்கலாம், பக்கத்தில் உட்காருபவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சமாகக்கூட இருக்கலாம்.

(ஒரு குழு மாறுவதற்கு அவர் சொன்ன மூன்று கட்டங்களுக்கு ‘உறைநீக்கம், நகர்வு, மறு உறைவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். லெவின் கடைசிக் கட்டத்தை வெறும் உறைவு என்றுதான் சொன்னார். ‘மறு’ பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. நாம் ‘உறைவு’ என்றே வைத்துக்கொள்ளலாம்.)

1948-இல் லெஸ்டர் காக், ஜான் ஃபிரெஞ்சு என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரைதான் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்ற பெயரைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. களம், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பைஜாமா தைக்கும் ஹார்வுட் ஆலை. அங்கே ஒரு குழு, தேய்த்து முடித்த உடைகளை அரை டஜன் அரை டஜனாக ஓர் அட்டையின் மேல் அடுக்கி வந்தது. இனிமேல் அட்டை கிடையாது, பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் இவ்வளவுதான். கூட்டம் போட்டார்கள், சந்தையில் போட்டி கூடிவிட்டது என்று காரணம் சொன்னார்கள், புதிய உருப்படிக் கூலியை அறிவித்தார்கள், கேள்விகளுக்குப் பதில் சொல்லி அனுப்பிவைத்தார்கள். இன்றைக்கும் பல நிறுவனங்கள் செய்வது இதைத்தான், செய்துவிட்டு “நன்றாகத்தான் விளக்கினோம்” என்பார்கள். உற்பத்தி சரிந்தது, சரிந்த இடத்திலேயே கிடந்தது. மேற்பார்வையாளர்களோடு உரசல், கூலியைப் பற்றிப் புகார்கள். முதல் 40 நாளுக்குள் 17% பேர் வேலையை விட்டுப் போனார்கள்.

அதே ஆலையில் வேறு குழுக்களை, புதிய வேலைமுறையையும் கூலியையும் வகுப்பதிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் சீக்கிரமே பழைய அளவை எட்டி, அதைத் தாண்டியும் போனார்கள்.

ஆனால் நம் விவாதத்துக்கு வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. முதல் குழுவில் மிஞ்சியவர்களை இரண்டரை மாதம் கழித்து மறுபடி ஒன்றுசேர்த்து இன்னொரு புதிய வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை அவர்களையும் வகுப்பதில் சேர்த்துக்கொண்டார்கள். விறுவிறுவென்று தேறினார்கள், ஒருவரும் வேலையை விடவில்லை. ஆட்கள் அதே ஆட்கள்தான். அப்படியிருக்க, அவர்கள் தலையில் ‘எதிர்ப்பு’ என்ற சொல்லைக் கட்டுவது எந்த வகையில் நியாயம்?

ஆகவே என் பரிந்துரை: பின்னிழுப்பு.

‘தயக்கம்’ என்ற பரிந்துரையும் பார்த்தேன். மென்மையான சொல்தான், ஆனால் அதுவும் ஆளின் மனதுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘முட்டுக்கட்டை’ வசவு. ‘மாறுதடை’ என்று வினைத்தொகையாக்கினால் மின்னியல்காரர்கள் மாறிக்கொண்டே இருக்கும் மின்தடை என்று படிப்பார்கள். ‘மாறத் தடை’ என்று பிரித்தாலோ, நுழையத் தடை மாதிரி, மாறக்கூடாது என்ற உத்தரவாகிவிடும். பின்னிழுப்பில் இந்தத் தொல்லைகள் இல்லை. “புதிய முறைக்கான பின்னிழுப்பு எங்கிருந்து வருகிறது?” என்று எழுதிப் பாருங்கள், பதிலாகக் கூலிப் பட்டியலையும் சொல்லலாம், பிரிவுத் தலைவரையும் சொல்லலாம். லெவினின் இரு விசைகளும் உந்துவிசை, பின்னிழுவிசை என்று ஜோடியாக அமைந்துவிடும்.

---

மறுமடல்:

உங்கள் ஹார்வுட் கதை நன்று. ஆனால் இரண்டு சங்கடங்கள். ஒன்று, அந்த முதல் குழு உண்மையாகவே எதிர்த்ததே? புகாரும் உரசலும் எதிர்ப்பு இல்லாமல் வேறென்ன? இரண்டு, நான் மொழிபெயர்க்கும் பயிற்சிக் கையேட்டில் ஒரு படிவம் இருக்கிறது. ‘எதிர்ப்போர் பெயர், பதவி, அணுகும் வழி’ என்று பத்திகள். அங்கே ‘பின்னிழுப்போர்’ என்று போட்டால் கயிறிழுக்கும் போட்டிக்கு ஆள் எடுப்பது போல் இருக்கிறது.

---

இரண்டும் நல்ல கேள்விகள்.

புகார் கொடுத்தார்கள் என்றால் அது எதிர்ப்புதான், அந்த வாக்கியத்தில் அந்தச் சொல்லையே போடுங்கள். அகராதியிலிருந்து ‘எதிர்ப்பு’ என்ற சொல்லைத் துரத்தச் சொல்லவில்லை. ஒருவர் வாய்திறந்து வேண்டாம் என்பது எதிர்ப்பு. வேலையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகும் எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர் பின்னிழுப்பு. புதிய மென்பொருளில் விடுப்பு விண்ணப்பத்தைப் பதிவுசெய்துவிட்டு, அதையே அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, கோப்பிலும் கட்டிவைக்கிறார்களே, அவர்கள் யாரையும் எதிர்க்கவில்லை. தணிக்கை வந்தால் தாளைக் கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மேலாண்மைப் பேராசிரியர் ஜான் காட்டர் நிறுவன மாற்றத்துக்கு 1995-இல் வகுத்த எட்டுப் படிகளில் ஐந்தாவது, மாற்றத்தின் வழியில் நிற்கும் தடைகளை விலக்குவது. நிறுவன அமைப்பும் ஊதிய முறையும் அந்தத் தடைகளில் சேர்த்தி. அவற்றையெல்லாம் எதிர்ப்பு என்ற தலைப்பின் கீழ் எப்படி எழுதுவது?

படிவத்துக்கு வருகிறேன். மூலத்தில் ஆளின் பெயரைக் கேட்டிருந்தால் ‘எதிர்ப்போர்’ என்றே மொழிபெயர்க்க வேண்டியதுதான். படிவத்தைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளரின் வேலை அல்ல. கருத்தாக்கம் வரும் அத்தியாயத்தில் மட்டும் பின்னிழுப்பைப் போட்டு, முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

‘மாற்றப் பின்னிழுப்பு’ என்ற முழுத்தொடரைத் தவிர்க்கலாம். மாற்றமே பின்னுக்கு இழுப்பதாகவும் படிக்க இடம் கொடுக்கிறது. பின்னிழுப்பு தனியாகவே நிற்கும். முழுத்தொடர் தேவைப்படும் இடத்தில் ‘மாற்றத்துக்கான பின்னிழுப்பு’ என்று விரித்து எழுதலாம்.

சரி, அடுத்து ‘ஸ்பான்சர்’. புரவலர் என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். புரவலர் பணம் தருபவர். இங்கே குறிப்பது, மாற்றத்துக்குப் பொறுப்பேற்று மேலிடத்தில் அதற்காகப் பேசும் மூத்தவரை. ‘முன்னிற்பவர்’ என்றால் ஒத்துவருமா?