சினாப்டிக் ப்ரூனிங்: கழிப்பா, கவாத்தா?

அக்கா வணக்கம்,

மூளை வளரும்போது நரம்புசெல்லுங்களுக்கு நடுவுல இருக்குற இணைப்புங்கள (சினாப்ஸ்) மூளையே வெட்டிக் கொறைச்சுக்கிறதுதானே சினாப்டிக் ப்ரூனிங், அதுக்கு நம்ம கலைச்சொல் பட்டியல்ல "இணைப்பு இழப்பு"ன்னு போட்டிருந்தீங்க, எனக்கு அது ஒத்துவரல. இழப்புன்னாலே நோய்னு பெத்தவங்க பயந்துடுவாங்க, ஆனா இது எல்லாப் புள்ளைக்கும் நடக்குறதுதானே. 1979லயே ஹட்டன்லாக்கர்னு ஒரு நரம்பியல் டாக்டர் இறந்தவங்க மூளைய எடுத்து எண்ணிப் பாத்துட்டாரு, மூளையோட முன்பக்க மேலுறையில (புறணியில) ஒண்ணு ரெண்டு வயசுல சினாப்ஸ் பெரியவங்களவிட அதிகமா அடர்ந்து கெடக்கும், அப்பறம் பதினாறு வயசு வரைக்கும் கொறைஞ்சுகிட்டே வரும். நம்ம மன்னார்குடிப் பக்கம் முருங்கைய "கழிச்சு விடு"ம்போமே, அதனால "கழிப்பு". எம்ஆர்ஐ ஸ்கேன்ல பதின்ம வயசுல மூளையோட சாம்பல்நிறப் பகுதி (கிரே மேட்டர்) கொறையுறதுக்கும் இதையே வெச்சுட்டா ஒரே வேலையா முடிஞ்சிரும்.

*

தம்பி,

ஒரே வேலையா முடிக்கிறதுதான் இடிக்குது. ஸ்கேன்ல ஒரு புள்ளின்னா சுமாரா ஒரு மில்லிமீட்டர் கட்டம், அதுக்குள்ள கோடிக்கணக்குல சினாப்ஸ், ஒண்ணு ரெண்டு போனா மெஷினுக்கு எங்க தெரியப்போகுது? 2004ல கோக்டே குழு 13 புள்ளைங்கள ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் படம் புடிச்சு 4 வயசுலேருந்து 21 வரைக்கும் கோத்தாங்களே, அதுல தெரிஞ்சது சாம்பல்நிறப் பகுதி கொறையுறது மட்டுந்தான், கைகால் அசைவப் பாத்துக்குற எடம் முன்னாடி, நிதானமா யோசிக்கிற எடம் ரொம்பப் பிந்தி. அதுலயும் ஒரு சிக்கல், நரம்பு மேல மயலின்ங்குற கொழுப்பு உறை ஏற ஏற வெள்ளைப் பகுதி விரிஞ்சு எல்லைக்கோடே நகர்ந்துடும், அதனாலயும் புறணி மெலிசாத் தெரியும். ஆக படத்துல பாக்குறதுக்கு "புறணித் தடிமன் குறைவு"ன்னு தனியா வைங்க. கேக்க மொக்கையா இருந்தாலும் பொய் சொல்லாது. ரெண்டுக்கும் ஒரே பேர வெச்சா நாளைக்கு எவனாவது ஸ்கேன் ரிப்போர்ட்ட நீட்டி "ஒங்க புள்ளைக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா)"ன்னுடுவான், ஸ்கேன வெச்சு அதக் கண்டுபுடிக்க முடியாதுன்னு நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாதே.

அப்பறம் "கழிப்பு". நம்ம காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஃபைன்பெர்க்ங்குற ஆய்வாளர் 1982ல சொன்ன ஊகம் இருக்கே, பதின்ம வயசுல இந்த வெட்டு அளவுக்கு மீறினாலோ, கொறைஞ்சாலோ, எடம் தப்பினாலோ மனச்சிதைவு வரலாம்னு, அதுல அளவு மீறுறதுக்கு "மிகைக்கழிப்பு"ன்னு எழுதிப் பாருங்க, வயித்துப்போக்குன்னுதான் படிப்பாங்க. "மிகைக்கவாத்து"ன்னா பட்டுனு புரியும். கெளை வெட்டி விடுறதுக்கு கவாத்துதான் தோட்டக்காரங்க சொல்லு, வேதாரண்யம் பூந்தோட்டத்துல யாரக் கேட்டாலும் தெரியும்.

*

சரிக்கா, தடிமன் குறைவ ஏத்துக்குறேன். ஆனா கவாத்துன்னா போலீஸ் பயிற்சிக்கும் அதே பேர்தானே, தனித்தமிழ்க்காரங்க வேற வேத்துமொழிச் சொல்லுன்னு வருவாங்க.

*

வரட்டும் தம்பி. தோட்டத்துக்காரன் நாக்குல ஏறினதுக்கப்பறம் அது யார் ஊட்டுச் சொல்லா இருந்தா என்ன. "சினாப்ஸ் கவாத்து"ன்னு பட்டியல்ல போடுங்க, இன்னும் மைக்ரோக்ளியா (மூளையோட காவல் செல்லு) பாக்கி இருக்கு, அந்த வெட்டுற வேலையில அதுக்கும் பங்கு உண்டு.