கேமராவின் உள் மாடல் குறி: தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

ஒளிப்படக் கோப்புகளின் தகவலைக் காட்டும் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஒரு சொல்லில் தடைப்பட்டு நிற்கிறேன். கேனான் 2011இல் வெளியிட்ட ஒரே கேமரா ஐரோப்பாவில் 600டி, அமெரிக்காவில் ரெபெல் டி3ஐ, ஜப்பானில் கிஸ் எக்ஸ்5. படமெடுக்கும்போது கேமரா கோப்புக்குள் எழுதிவைக்கும் எக்சிஃப் தகவலில் 'மாடல்' என்ற இடத்தில் அந்தந்தச் சந்தையின் பெயரே பதிவாகிறது. அடித்தகட்டிலோ டிஎஸ்126311 என்றிருக்கிறது. விற்பனைப் பெயரையும் இந்தக் குறியையும் பயனர் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'உள்மாதிரிக் குறியீடு' சரிவருமா?
– க.

'மாதிரி' வேண்டாம். அதே மென்பொருளில் 'மாதிரிப் படம்' என்றும் வருமே. 'அகப்பெயர்' என்று வையுங்கள். விற்பனைப் பெயர் 'புறப்பெயர்'. அகம், புறம் என்ற இணை நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது.
– சு.

ஐயா, அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டுவதே இல்லை. சுட்டினால் பாட்டு புறமாகிவிடும். 'அகப்பெயர்' மரபுக்கே முரண். தவிர, அடித்தகட்டில் எல்லாரும் பார்க்க அச்சிட்டிருப்பது எப்படி அகமாகும்? பெயர் என்பதைவிடக் 'குறி' என்பதே பொருந்தும். அதிலும் சோனியின் ஐஎல்சிஇ-7எம்3 காரணக்குறி: லென்ஸ் மாற்றத்தக்க கேமரா, ஈ-மவுன்ட் என்ற லென்ஸ் பொருத்தும் அமைப்பு, ஏழு என்ற வரிசையின் மூன்றாம் பதிப்பு. டிஎஸ்126311 நமக்கு வெறும் இடுகுறி.
– ம.

குறியை அகத்திலிருந்து பிரிக்கிறீர்களே, பகற்குறியும் இரவுக்குறியும் எந்தத் திணையைச் சேர்ந்தவை? காதலர் இருவர் சந்திக்க, அவர்கள் மட்டும் அறிந்த இடம் குறி. தொழிற்சாலையும் பழுதுபார்ப்பவரும் அறிந்து, கடைக்காரர் கவனிக்காதது இந்தக் குறி. 'அகக்குறி' என்றால் ஏற்பீர்களா?
– சு.

வகுப்பில் ஒளிப்படக்கலை கற்பிக்கிறேன். 'அகக்குறி' என்று சொன்னால் அதை விளக்கவே பாதி நேரம் போய்விடும். மாணவர்கள் 'மாடல்' என்கிறார்கள். நாளிதழ்களும் அப்படித்தான் எழுதுகின்றன. 'மாடல் பெயர்', 'மாடல் குறியீடு' என்பவை போதும்.
– த.

அம்மா, இப்படி ஒவ்வொரு சொல்லாக விட்டுக்கொடுத்தால் கடைசியில் வேற்றுமை உருபுகள் மட்டுமே தமிழாக மிஞ்சும். 'வகைமைக் குறி' என்பதில் என்ன கடினம்?
– ம.

'வகைமை' இலக்கியத்துக்குப் போய்விட்டது. மேலும், சோனி கோப்புகளில் 'மாடல்' என்ற இடத்திலேயே ஐஎல்சிஇ-7எம்3 இருக்கிறது. குறியை 'மாடல் பெயர்' என்று காட்டுவதா?
– த.

நேரமில்லை, நண்பர்களே. எக்சிஃப் தகவலில் உள்ளதை வெறும் 'மாடல்' என்றும், மற்றதைத் 'தயாரிப்பாளர் மாடல் குறியீடு' என்றும் இட்டு அனுப்பிவிட்டேன். நீளம்தான், ஆனால் யார் வைத்த குறி என்பது தெரிகிறது.
– க.

என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். கேனான் கோப்புக்குள் எழுதும் அடையாளம் தகட்டில் இருப்பது அன்று. அது 80000286 என்ற பதினறும (பதினாறை அடியாகக் கொண்ட) எண், மூன்று சந்தைப் பெயர்களுக்கும் ஒன்றே. அதையும் 'குறியீடு' என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்குக் 'குறியெண்' வேண்டும். அடுத்த பதிப்பிலாவது திருத்துங்கள்.
– ம.