டெல்டாவிலிருந்து ஒன்டாரியோ வந்து போதை மீட்பு ஆலோசகர் ஆக நினைப்பவர்களுக்கு

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கமிருந்து வந்து "பி.எஸ்சி. சைக்காலஜி முடிச்சிருக்கேன் அண்ணே, இங்க அடிக்‌ஷன் கவுன்சிலர் ஆகணும், எங்க ஆரம்பிக்கிறது" என்று கேட்கும் தம்பி தங்கைகள் அதிகமாகிவிட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் இருப்பது ஒன்டாரியோவில். வேறு மாகாணத்தில், வேறு நாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள விதியைத் தனியாகப் பாருங்கள்.

முதலில் பட்டப்பெயர் விஷயம், குழப்பமே இதில்தான். இங்கே 'சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ளச் சட்டப்படி பதிவு வேண்டும், அது பல வருடப் பாதை. 'ரெஜிஸ்டர்டு சைக்கோதெரபிஸ்ட்' பெயரும் 2015 முதல் சட்டத்துக்குள் இருக்கிறது. அதற்கு பி.எஸ்சி.க்கு மேல் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிப் படிப்பு, தேர்வு, முழுப் பதிவுக்கு 450 மணி நேரம் நேரடியாக ஆட்களைப் பார்த்த அனுபவம், 100 மணி நேரம் மேற்பார்வை எல்லாம் வேண்டும். 'அடிக்‌ஷன் கவுன்சிலர்' என்ற பெயருக்கு அப்படிப் பூட்டு இல்லை. கல்லூரிகளில் அடிக்‌ஷன் அண்ட் மென்டல் ஹெல்த் என்று பட்டதாரிகளுக்கான சான்றிதழ் படிப்பு இருக்கிறது, களப்பயிற்சியோடு சேர்த்துத் தருவார்கள். பிறகு சிஏசிசிஎஃப் என்ற கனடிய அமைப்பில் சான்று வாங்கிக்கொள்ளலாம். சட்டம் கேட்காவிட்டாலும் வேலை கொடுப்பவர்கள் கேட்கிறார்கள். கையில் காசு குறைவு, சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்றால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். தெரபிஸ்ட் ஆசை இருந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாணவர் விசாவில் வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கல்லூரிச் சான்றிதழ், டிப்ளமோ படிப்புகளுக்கு 2024 நவம்பரிலிருந்து, படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி குறிப்பிட்ட துறைகளுக்குத்தான். நீங்கள் சேரும் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஏஜென்ட் வாயால் கேட்காதீர்கள், அரசு இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

இன்னும் ஊரில்தான் இருக்கிறீர்கள் என்றால் டிரான்ஸ்கிரிப்டை வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். பல்கலைக்கழகம் சீல் வைத்த உறையில் தருவது, கூடவே மூன்று வருடப் பாடத்திட்டமும். இங்கே வந்த பிறகு, வயசான அப்பாவைத் திருச்சி பல்கலைப்பேரூருக்கு பஸ் ஏற்றி அலைய விடும் கதை நமக்கு வேண்டாம். நம் மூன்று வருடப் பட்டத்தை எல்லா இடத்திலும் இங்குள்ள நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை, அதையும் மனதில் வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வருபவரிடம் எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்க உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் படிவத்தைத்தான் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள், பத்துக் கேள்வி. அதில் 'எத்தனை டிரிங்க்' என்று இருக்கும். நம்ம ஊர்க்காரர் "ஒரு குவார்ட்டர்தான் தம்பி" என்பார், பக்கத்திலிருக்கும் வெள்ளைக்காரர் ஒன்று என்று குறித்துக்கொள்வார். கனடாவில் ஒரு டிரிங்க் என்பது 40 சதவீதச் சரக்கில் 43 மில்லி. குவார்ட்டர் 180 மில்லி. நாலுக்கும் மேலே போய்விட்டது! மதிப்பெண் அடியோடு மாறிவிடும், சிகிச்சையும் மாறிவிடும். இதைச் சொல்ல அந்த அறையில் நீங்கள்தான் இருப்பீர்கள். நம் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணமே இதுதான்.

அதேபோல மாலை போடுகிற விஷயம். 48 நாள் தொடாமல் இருந்தவர், மாலையைக் கழற்றிய அன்றே மறுபடி ஆரம்பிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வகுப்பில் ரிலாப்ஸ் பற்றிப் பாடம் வரும்போது இது உங்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் புத்தகம் சொல்லும் இன்னொன்றையும் கவனியுங்கள். தினமும் காலையிலேயே குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்து பிதற்றலாம், உயிரே போகலாம். ஊரில் இதைப் பேய் என்று சொல்லி வேப்பிலை அடிக்கப் போவார்கள். அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம்.

படிப்பில் நமக்கு ரொம்பக் கஷ்டமானது, அறிவுரை சொல்லாமல் இருப்பது. பயிற்சியில் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் சொல்லித் தருவார்கள், வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை. ஒருவர் "காசு பூரா போகுது, ஆனா நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா குடிக்காம தூக்கம் வர மாட்டேங்குது" என்கிறார் என்று வையுங்கள். நம் வாயில் தானாக வருவது "புள்ளைங்க முகத்தப் பாத்தாவது விடக்கூடாதா?" அதோடு அவர் வாயை மூடிக்கொள்வார். "காசு போறது உறுத்துது, தூங்க வேற வழியும் தெரியல, இல்லையா?" என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால், அடுத்து அவரே பேசுவார். அந்தச் சும்மா இருப்பதுதான் பழகவே மாட்டேன் என்கிறது, இன்னமும்.

நீங்கள் இதைப் படிப்பது தெரிந்ததும் ஊரிலிருந்து போன் வரும். அறுப்பு முடிந்து நெல் போட்ட காசு கைக்கு வரும் சமயத்தில் கூடுதலாகவே வரும். சித்தப்பாவுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை சொல்லு என்பார்கள். சொல்லாதீர்கள். அவர்கள் கேட்பது டைசல்ஃபிராம், குடியை நிறுத்த டாக்டர் கொடுக்கும் மாத்திரை. அது உள்ளே இருக்கும்போது, அது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடலாம். சொந்தக்காரருக்கு நீங்கள் ஆலோசகராக முடியாது, இந்தத் தொழிலின் ஒழுக்க விதியும் அதுதான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணைக் கொடுங்கள். சித்தி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கடைசியாக, களப்பயிற்சிக்கு முன் போலீஸிடம் வல்னரபிள் செக்டர் செக் (குழந்தைகள், பலவீனமானவர்களோடு வேலை செய்பவர்களுக்கான குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு) வாங்கச் சொல்வார்கள். சில ஊர்களில் இழுத்தடிக்கும், கல்லூரியிலிருந்து கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.